சாஹுல் ஹமீதின் சத்தம் பார்த்த ஆட்டங்கள்

ஊரடங்கு தளர்ந்தபின் முள்ளிக்குடாவில் நடந்த முதல் உதைபந்தாட்டத்துக்குச் சாஹுல் ஹமீது போகவில்லை. அவருடைய சத்தம் மட்டும் போனது. அது 2020ஆம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மூன்றாவது ஞாயிறு, அஸர் தொழுகை முடிந்த பின்னேரம். பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை என்று வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில், களப்புப் பக்கத்துக் கோலுக்குப் பின்னாலிருந்து, "அடிங்கடா, என்னத்தப் பாத்துட்டு நிக்கிறீங்க!" என்று ஓர் அதட்டல் எழுந்தது. வீரர்கள் இருபத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு பூவரச மரமும் அதன் நிழலில் ஓர் ஆடும் மட்டுமே நின்றன. அதே நேரத்தில் சாஹுல் ஹமீது அரை மைல் தள்ளித் தன் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். முள்ளிக்குடாவுக்கு மணியோசை மட்டும்தான் வந்தது.

சத்தத்தை அடையாளம் காண ஊருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. உப்பளத்தில் ஒரு பாத்தியில் நின்றுகொண்டு, காற்றை எதிர்த்து, எட்டாவது பாத்தியில் நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. லகூன் ஸ்டார் கழகத்தின் ஆட்டம் ஒன்றையும் முப்பத்தொரு வருடமாக அவர் தவறவிட்டதில்லை. அந்த முப்பத்தொரு வருடமும் கழகம் ஓர் இறுதிப் போட்டிக்குப் போனதுமில்லை. ஆட்டம் முடிந்து வரும்போது, ஒழுங்கை முனையில் நின்று முடிவை மனைவிக்குக் கூவிச் சொல்லாமல் அவர் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். "மபாஸா, தோத்துட்டோம்!" என்றால் குசினியில் பாலில்லாத சாயத் தண்ணி தயாராகும். "மபாஸா, வெண்டுட்டோம்!" என்றால் பால் தேத்தண்ணி. அந்த ஒழுங்கையில் இருபத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. எல்லா வீட்டுக்கும் அவர்தான் வானொலி.

அப்படிப்பட்ட மனுசன் ஏன் வீட்டில் அடைந்து கிடந்தார் என்றால், காரணம் மபாஸாவின் நெஞ்சு. சின்ன வயதிலிருந்தே அவருக்கு இழுப்பு. இந்த நோய் வந்தால் அந்த நெஞ்சு தாங்காது என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அந்த மாதங்களில் கொரோனாவில் மௌத்தான முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் அடக்கவிடாமல், அரசாங்க உத்தரவென்று எரித்தார்கள். மரணத்தைப் பற்றி மழையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசும் மபாஸா, இதை மட்டும் ஒரே ஒருமுறை, சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் மௌத்தானா என்ன மண்ணுல வைங்க. நெருப்புல வைக்க வுட்டுராதீங்க." சாஹுல் ஹமீது, "ஓம்" என்றார். அவர் வாழ்நாளில் மெதுவாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து அவருக்கு உப்பளம் விட்டால் வீடு, வீடு விட்டால் உப்பளம். வந்ததும் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளித்த பிறகே வாசற்படி ஏறினார்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போன சத்தம், பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லுமுன் திரும்பி வந்துவிடும். அதுவரை அவரால் ஒரு சொல்லும் பேச முடியாது. மபாஸா இதைப் பெரிய கொடை என்று எடுத்துக்கொண்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்ல நினைத்து நடுவில் வெட்டுப்பட்ட கதைகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரவைத்துச் சொன்னார். மனைவிக்குப் பிடித்த நிறம் பச்சையல்ல, ஊதா என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. முடிவைக் கூவ ஒழுங்கை முனையில் ஆள் இல்லாததால், தொண்டையைக் கொண்டு அறிந்துகொண்டார்கள். திரும்பி வந்த குரல் கட்டியிருந்தால் வெற்றி. கழகம் அந்த வருடம் என்னவோ வென்றுகொண்டே இருந்தது.

மூன்றாவது ஆட்டத்தின்போது சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கூட்டம் சேர்ந்திருக்கிறது என்று யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள். பூவரசைச் சுற்றி மூன்று முறை நடந்து பார்த்தார். சத்தம் அவரையும், "ஓரமா நில்லுங்க மாத்தயா, கோல் மறைக்கிது!" என்றது. எச்சில் இல்லாமல் வரும் சத்தத்தால் நோய் பரவாது என்று அவர் முடிவெடுத்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று, சத்தம் நிற்கும் இடத்தில் ஒரு மீற்றர் விட்டுச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

கழகம் இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரணி நுரைச்சோலை. அப்போது நோய் ஓய்ந்துவிட்டது என்று எல்லோருமே நினைத்தார்கள்; நினைக்காதவர் யார்? கழகச் செயலாளர் ஹில்மி, முச்சக்கர வண்டி ஓட்டுபவர், நல்ல மனுசன், நூறு பேரை உள்ளே எடுக்கலாம் என்றார். "சனமில்லாத மெச் உப்பில்லாத ஆணம் மாதிரி நானா. நீங்க வராம ஃபைனலா?" என்று வேலிக்கு வெளியே நின்று, சொந்த அண்ணனிடம் கேட்பதுபோல் சாஹுல் ஹமீதிடம் சொல்லி, முதலாம் இலக்க அனுமதித் துண்டைத் தூணில் செருகிவிட்டுப் போனார். சுகாதாரப் பரிசோதகரை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது: சத்தங்கள் மட்டும்தான் வரும் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.

ஒக்டோபர் முதல் ஞாயிறு. சாஹுல் ஹமீது கழகத்தின் நீலச் சட்டையைப் போட்டார். முகக்கவசம் கட்டினார். சப்பாத்தையும் மாட்டினார். முப்பத்தொரு வருடம் ஓர் ஆளின் காலில் ஏறி நின்றால் அது சும்மா இருக்குமா? "போங்க, போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்கு ஒண்டும் ஆகாது," என்றார் மபாஸா. மனதாரத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது, இழுப்புக்கு அடிக்கும் பம்பைச் சேலைத் தலைப்புக்குள் இறுக்கிப் பிடித்திருந்தது அவர் கை. சாஹுல் ஹமீது அந்தக் கையைப் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சத்தம் அதற்குள் போய்விட்டிருந்தது.

மைதானத்தில் நூறு பேர் என்று சொல்லி இருநூறு பேர் நின்றார்கள். சுண்ணாம்பு வட்டத்துக்குள் மட்டும் ஒருவரும் கால் வைக்கவில்லை. பிரதான வீதியால் போன பரிசோதகர் அந்த ஆரவாரத்தைக் கேட்டு, சத்தங்கள் இன்று பெருகிவிட்டன என்று நினைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தாமல் மதுரங்குளிப் பக்கம் போய்விட்டார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என முடிந்து தண்டனை உதைக்கு வந்தது. நுரைச்சோலையின் ஐந்தாவது உதையின்போது வட்டத்துக்குள்ளிருந்து, "றிப்தி, எடப்பக்கம்!" என்று கேட்டது. கோல்காப்பாளர் றிப்தி யோசிக்காமல் இடப்பக்கம் பாய்ந்தார். பந்து அவர் நெஞ்சில் பட்டது.

வீட்டில் இருவரும் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஒழுங்கை முனையிலிருந்து ஒரு குரல் வேலிகளையெல்லாம் தாண்டி வந்தது: "மபாஸா, வெண்டுட்டோம்!" சாஹுல் ஹமீது முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை மபாஸா கண்ணால் கண்டார். தன் சொந்தச் சத்தம் சொல்லித்தான் அவருக்கே முடிவு தெரிந்தது. அறுபது வயதை நெருங்கும் மனுசன் முகக்கவசம் நனைய அழுதார். மபாஸா எழுந்து பால் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்.

அந்த இருநூறு பேரில் ஒருவர் முதல்நாள்தான் கொழும்பிலிருந்து மீன் லொறியில் வந்திருந்தார். பத்து நாளில் முப்பத்திரண்டு பேரை பஸ்ஸில் ஏற்றித் தனிமைப்படுத்தல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஹில்மி பதினொரு நாள் ஒட்சிசனில் கிடந்தார். வெற்றிக் கிண்ணத்தைக் கழக அலுமாரியில் வைத்துப் பூட்ட ஆளில்லை. ஊர் முழுக்க இரு கையேந்தி நின்றது. அல்லாஹ் பெரியவன், முப்பத்திரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ஹில்மி வேலிக்கு வெளியே நின்று, "நீங்க வராம இருந்ததுதான் சரி நானா," என்றார். "சுவர் இருந்தாத்தானே தம்பி சித்திரம்," என்றார் சாஹுல் ஹமீது. அடுத்த வருடம் ஜனாஸாக்களை அடக்கலாம் என்று அனுமதி வந்த அன்று, மபாஸா பல மாதங்களுக்குப் பிறகு இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கித் தின்றார்.

2022இல் மைதானம் எல்லோருக்கும் திறந்தது. ஹில்மி முச்சக்கர வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இந்த முறை மபாஸாவும் ஏறினார். வாழ்நாளில் ஆட்டம் பார்த்திராதவர், வண்டிக்குள் இருந்தபடியே பூவரச மரத்தடியிலிருந்து பார்த்தார். முதல் கோல் விழுந்ததும் சாஹுல் ஹமீது வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஒருவர் வெளியே போனால் ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும் என்று பழகிவிட்ட சத்தம், வீட்டுக் காவலுக்கு நின்றுவிட்டது. அவர் குறைப்படவில்லை, கை தட்டினார்.

திரும்பி வந்து ஒழுங்கை முனையில் வண்டியை விட்டு இறங்கினார்கள். ஹில்மி வேறு சவாரி இருக்கிறதென்று போய்விட்டார். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது: "மபாஸா, வெண்டமா, தோத்தமா?" ஒழுங்கையில் ஒருநாளும் குரல் உயர்த்தியிராத மபாஸா, முக்காட்டைச் சரிசெய்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "வெண்டுட்டோம்! ரெண்டுக்கு ஒண்டு!" என்று ஒரே மூச்சில் கூவினார். இருபத்திரண்டு வீட்டுக்கும் கேட்டது. பிறகு கதவைத் திறந்து குசினிக்குப் போய், பால் தேத்தண்ணிக்கு மூன்று கோப்பை எடுத்து வைத்தார்.