நான்கு மில்லிமீட்டர், இருபது மில்லிமீட்டர்

அறையில் மூன்று பேர் இருந்தோம். ஜன்னலோரம் மேலதிகாரி, கணினி முன்னால் என் தங்கையின் கணவர், கதவருகே காகிதக் கட்டோடு நான். பள்ளிக்கூட மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்பு பீம் எவ்வளவு வளையும் என்பதே பேச்சு. கணினி நான்கு மில்லிமீட்டர் என்றது. என் கைக்கணக்கு இருபது என்றது.

“கம்ப்யூட்டர் தூங்காது மச்சான். நீங்கதான் கண்ணசந்திருப்பீங்க,” என்று சிரித்தார் மைத்துனர்.

திரும்பப் போட்டேன். இருபதுதான், சரியாக ஐந்து மடங்கு. அவர் பக்கம் திரும்பினேன்.

“மாப்ள, பீமோட ரெண்டு முனையையும் கம்ப்யூட்டர்ல எப்படிக் குடுத்தீங்க?”

“இறுக்கிக் கட்டின மாதிரி.”

“அய்யோ, அது சுவத்து மேல சும்மாதானே உக்காந்திருக்கு! அஞ்சு மடங்கு வளையும், தாங்காது!”

அவர் முகம் வெளுத்தது. மதியம் தொட்டியை நிரப்பப்போகிறார்கள். அதற்கு நேர் கீழே முதல் வகுப்பு. அவர் மகள் அங்கேதான் படிக்கிறாள்.

தொலைபேசியில் அழைத்தேன். தொட்டி வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர், “எழுத்துல குடுத்தாதான் நிறுத்துவேன்” என்றார்.

“எழுதினா நம்ம தலை உருளும்,” என்றார் மேலதிகாரி.

“எழுதலைன்னா சார்...” மைத்துனர் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் நகர்த்தினார்.

‘தண்ணீர் விடவேண்டாம். பிழை எங்களுடையது’ என்று எழுதினேன். மேலதிகாரி ஒப்பமிட்டார். உறையின் பசை காய்வதற்குள் மைத்துனர் அதைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.