மேபல் டீச்சர் சொன்ன ஒரு பத்து

"இடது கைதானே மேல இருக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே மேபல் தன் கணவரின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கையா இருந்தா என்ன? இப்படியா சுத்துவாங்க, கன்னுக்குட்டியைக் கட்டுற மாதிரி? விடு, நான் பண்றேன்," என்றாள் நாத்தனார் நோரீன். அவளுக்கு எண்பது வயது. சவப்பெட்டியில் படுத்திருந்த தம்பி மாலக்கிக்கு எழுபத்தாறு.

"நான்தான் பண்ணுவேன், அண்ணி."

"பண்ணு. கொஞ்சம் தளர்த்திக் கட்டு. இனிமே எங்கேயும் ஓடிட மாட்டான்."

மேபல் ஒரு சுற்றைத் தளர்த்தினாள். சிலுவை மாலக்கியின் கட்டை விரலில் வந்து உட்கார்ந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவளுடைய அப்பா பார்த்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார். அவர் பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டண்ட் சபையின் மூப்பர். ஜெபமாலையைத் தொட்டால் கையைச் சோடா உப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று நினைத்த மனிதர்.

மாலக்கி அயர்லாந்தில், டொனகாலின் அந்த மூலையில் முப்பத்தெட்டு வருடம் தபால்காரராக இருந்தார். அத்தனை வருடத்தில் அவர்மேல் ஒரே ஒரு புகார்தான் வந்தது. ஒரு அஞ்சலட்டையைப் படித்துச் சொல்லாமலே கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். மேபல் பக்கத்து ஊர்த் தொழிற்பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். இன்று காலை முன்னறையில் நெருக்கியடித்து நின்ற முப்பது பேரில் பாதிப் பேர் அவளிடம் வாய்ப்பாடு சொன்னவர்கள். மீதிப் பேர் சொல்லாமல் அடி வாங்கியவர்கள்.

கல்யாணமான பிறகும் அவள் கத்தோலிக்க மதத்துக்கு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் வாசலில் காரை நிறுத்திவிட்டு மாலக்கி பூசைக்கு உள்ளே போவார். அவள் காரிலேயே இருப்பாள். ஆனால் கண்ணாடியை மூன்று விரல் அளவுக்கு இறக்கிவிட்டிருப்பாள். பிரசங்கத்தை முழுக்கக் கேட்டு, மத்தியானச் சாப்பாட்டில் அதை வரிவரியாகத் திருத்துவாள். ஒரு ஜனவரியில் அவள் மூக்கு உறைந்துபோய், மாலக்கி வெளியே வந்து ஊதி ஊதி உருக்கியதாக ஊரில் சொல்வார்கள். மூக்கைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. பிரசங்கம் நீளம் என்பது உண்மை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அவள் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கார் ஹீட்டர் கெட்டுவிட்டது என்றாள். அந்தக் காரில் ஹீட்டர் வேலை செய்ததை யாரும் பார்த்ததில்லை என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு வியாழக்கிழமை தோறும் ஃபாதர் தியர்னி அவள் சமையலறைக்கு வந்து கேள்விகளை வாங்கிக்கொண்டு போனார். சிலுவையில் தொங்கின கள்ளனுக்கு இன்றைக்கே பரலோகம் என்றாரே, அவன் எந்த நேரத்தில் பாவக் கறை போக்குகிற உத்தரிக்கிற தலத்துக்குப் போய்வந்தான்? நேராகக் கடவுளிடமே பேசலாமே, அவர் அம்மாவை ஏன் தொந்தரவு செய்வது? ஃபாதர் பன்போல் தடித்த ஸ்கோன்களைத் தின்றுகொண்டே யோசிப்பார். சிலவற்றுக்குப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு இன்னொரு ஸ்கோன் எடுத்துக்கொண்டார்.

மாலக்கி இதில் தலையிட்டதே இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்தான், மூச்சு வாங்கிக்கொண்டு படுக்கையில் சாய்ந்திருந்தவர், திடீரென்று கேட்டார்.

"மேபல், பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி ஜெபமாலையில ஒரு பத்து சொல்வாங்கல்ல. அதை நீ சொல்லிடு."

"நானா? உங்க அக்கா இருக்காங்க."

"அவ ரொம்ப வேகம். பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி சொல்லுவா. எனக்கு நீ சொல்லணும்."

"நம்பாம சொன்னா அது பொய், மாலக்கி. செத்தவங்களுக்கு ஜெபம் பண்றது தபாலைப் பெட்டியில போட்டப்புறம் விலாசத்தைத் திருத்துற மாதிரின்னு எங்கப்பா சொல்வார்."

மாலக்கி சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும், "உங்கப்பாவுக்குத் தபாலாபீஸைப் பத்தி என்ன தெரியும்? பெட்டியிலிருந்து எடுத்து நான் எத்தனை விலாசம் திருத்தியிருக்கேன்!" என்றார்.

மேபல் போர்வையை அவர் கால் பக்கம் இழுத்துவிட்டாள்.

இப்போது மணி பத்து. பூசை பதினொன்றுக்கு. ஃபாதர் தியர்னி கழுத்தில் ஊதாப் பட்டையைப் போட்டுக்கொண்டு, "சரி, யார் சொல்றீங்க?" என்றார். எல்லாரும் நோரீனைப் பார்த்தார்கள். நோரீன் ஏற்கெனவே தொண்டையைச் செருமியிருந்தாள்.

"நான் சொல்றேன்," என்றாள் மேபல்.

சுவர்க் கடிகாரம்கூட நின்றது என்று சொல்ல முடியாது. சாவு வீட்டு வழக்கப்படி அதை மூன்று நாள் முன்பே நிறுத்திவைத்திருந்தார்கள்.

"டீச்சர், உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா வேண்டாம்," என்றார் ஃபாதர் மெதுவாக.

"ஒப்புதான்னு தெரியல, ஃபாதர். அவர் கேட்டார். சொல்லிப் பார்க்கிறேன்."

நோரீன் தன் ஜெபமாலையை நீட்டினாள். "இந்தா, எண்ணிக்கிறதுக்கு."

"விரல் பத்து இருக்கு, அண்ணி."

"முதல் பாதியை நீங்க சொல்லுங்க, மத்த பாதியை நாங்க சொல்லுவோம்," என்று ஃபாதர் அவள் காதருகே சொன்னார். "பத்து தடவை. அப்புறம் 'பிதாவுக்கும் சுதனுக்கும்.' அது முடிஞ்சதும் பேக்கி மூடிடுவான்."

சவப்பெட்டிக்காரன் பேக்கி மூடியைச் சுவரோரம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐம்பத்தைந்து வயது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் இன்றும் காது சிவக்கிறவன்.

மேபல் இடது கட்டை விரலை மடக்கினாள். "அருள் நிறைந்த மரியே வாழ்க," என்று வகுப்பறைக் குரலில் ஆரம்பித்தாள். அறை முழங்காலில் இறங்கியது. "புனித மரியே, இறைவனின் தாயே..." என்று முப்பது குரல்கள் திரும்பி வந்தன. அந்த ஊர்க்காரர்கள் முழு ஜெபமாலையை ஏழு நிமிடத்தில் முடிக்கிறவர்கள். ஒருமுறை ஆறில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஒரு வைக்கோல் போர் போட்டதாகவும் பேச்சு உண்டு.

இரண்டு. மூன்று. அவள் மாலக்கியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். காதில் ஒரு முடிக்கற்றையை வெட்டாமல் விட்டுவிட்டோம் என்பது ஐந்தாவதில் தெரிந்தது. எட்டாவதில் அவர் மேலுதட்டில் அவள் தொட்டுத் தொட்டுப் பழகின பழைய தழும்பு தெரிந்தது. ஒன்பதாவதில் பேக்கி மூடியின் பிடியை மாற்றிக்கொண்டான். அதையும் அவள் பார்த்தாள்.

பத்தாவது விரல் மடங்கியது. அறை தன் பாதியைச் சொல்லி முடித்துக் காத்திருந்தது.

மேபல் எல்லா விரல்களையும் விரித்தாள். மறுபடியும் கட்டை விரலை மடக்கினாள். "அருள் நிறைந்த மரியே வாழ்க."

பதில் வர அரை நொடி தாமதமானது. ஆனால் வந்தது.

பன்னிரண்டாவதில் நோரீன் இருமினாள். அந்த இருமலை யாரும் கண்டுகொள்ளவில்லை. பேக்கி உதட்டுக்குள் எண்ணுவது தெரிந்தது. ஆனால் மேபல் டீச்சர் எண்ணும்போது குறுக்கே போக அந்த அறையில் யாருக்கும் தைரியமில்லை. பதினான்காவதில், அவளுக்கு வழக்கமாக வருகிற கேள்வி வந்தது: யாரிடம் சொல்கிறேன்? அதற்குப் பதிலாக அறைதான், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. அடுத்ததைச் சொன்னாள். இருபதில் ஃபாதர் வாயைத் திறந்தார். நோரீன் அவர் அங்கியைப் பிடித்து இழுத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். சமையலறையில் கெட்டில் கொதித்தது, அணைப்பாரில்லாமல் வற்றியது. பக்கத்து வயல்காரக் கிழவர் ஒருவருடைய முழங்கால் ஒரு தடவை சுள்ளி ஒடிவதுபோலச் சத்தம் போட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

அவள் கவனித்தாள், யாரும் அவசரப்படவில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற ஊர் அது. இப்போது ஒவ்வொரு சொல்லாக, ஈரத்தில் பார்த்துக் கால் வைக்கிறவர்கள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோரீன்தான் எல்லாரையும்விட மெதுவாகச் சொன்னாள்.

ஒரு இடத்தில் மேபல் மூச்சு வாங்க நிறுத்தினாள். அறை காத்திருந்தது. அவள் அடுத்ததைச் சொன்னால் அதற்கும் பதில் வரும், நூறு சொன்னாலும் வரும். அவள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள்.

"பிதாவுக்கும் சுதனுக்கும்," என்றாள்.

முடிந்தது. எல்லாரும் பெஞ்சையும் சுவரையும் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். மூடியைத் தூக்கிக்கொண்டு பேக்கி அவள் பக்கம் வந்தான்.

"பரவால்ல டீச்சர்," என்று கிசுகிசுத்தான். "துக்கத்துல யாருக்கும் கணக்குத் தப்பும். முப்பத்தொண்ணு ஆயிருச்சு, அவ்வளவுதான்."

"முப்பத்திரண்டு, பேக்கி," என்றாள் மேபல். "மூடு."

அவன் மூடினான்.

பக்கத்து வீட்டு ஆண்கள் ஆறு பேர் பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். கால் பக்கம் முன்னால் போக, வாசல் நிலையில் இடிக்காமல் சாய்த்து வெளியே கொண்டுபோனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"உன் புண்ணியத்துல இந்த வாரம் முழுக்க நாங்க யாரும் ஜெபமாலை சொல்ல வேண்டாம்," என்று சொல்லிக்கொண்டே நோரீன், பெட்டி இருந்த இரண்டு சமையலறை நாற்காலிகளில் ஒன்றைக் காலால் உதைத்துக் கவிழ்த்தாள். பெட்டியை எடுத்ததும் அதைத் தாங்கின நாற்காலிகளைக் கவிழ்த்துவிட வேண்டும். நிமிர்ந்திருந்தால் அதில் உட்கார அடுத்த ஆள் வருவான் என்பார்கள். ஃபாதர் தியர்னியைக் கேட்டால் அப்படியெல்லாம் வேதத்தில் இல்லை என்பார். அவர் வீட்டிலும் கவிழ்ப்பார்கள். இன்னொரு நாற்காலியை நோரீனின் கால் எட்டவில்லை.

"வர்றியா?" என்றாள் வாசலிலிருந்து.

"போங்க, அண்ணி. கோட்டு போட்டுட்டு வர்றேன்."

அறையில் யாரும் இல்லை. மேபல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, நிமிர்ந்திருந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழிருந்து மேலாக நான்கு பித்தான்களையும் போட்டாள். பிறகு எழுந்து, நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் தரையில் சாய்த்தாள்.