நாலாம் வீட்டுக்காரர்கள்

தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் இருபத்து நான்கு குடும்பங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்; இருபத்து நான்கும் வந்துவிட்டன. கணக்கு இவ்வளவு ஒழுங்காக வந்தால் எங்கோ கோணல் இருக்கிறது என்று எந்தக் கடைக்காரரும் ஒருமுறை தராசைத் தட்டிப் பார்ப்பார். அபிவிருத்தி உத்தியோகத்தர் ஜீவராணி கடைக்காரியல்ல. நிம்மதியாகத் தேநீர் குடித்தாள்.

டிக்கோயாவுக்கு மேலே, லயங்கள் எனும் தொழிலாளர் வரிசைவீடுகள் பன்னிரண்டு கொண்ட தேயிலைத் தோட்டம் அது. நாலாம் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. முன்வரிசை பன்னிரண்டு, பின்வரிசை பன்னிரண்டு என்று முதுகோடு முதுகு ஒட்டிய அந்த வீடுகளை, மழை வலுக்குமுன் காலி செய்ய உத்தரவு.

நல்லமுத்து மூட்டையோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"சோறு தர்றீங்க, சந்தோசம் மிஸ். ஆனா எங்க பத்தாம் லயத்துக்கு என்ன கேடு? கல்லாட்டம் நிக்குதே."

"பத்தாம் லயமா?"

"ஆமாங்க. பத்தாம் லயம், நாலாம் வீடு. அந்தா அவரு ஏழாம் லயம், நாலாம் வீடு. அந்தம்மா ஒண்ணாம் லயம், அதுவும் நாலாம் வீடு." குரலைத் தாழ்த்தினார். "நாலாம் வீட்டுக்காரங்களுக்கு மட்டும் என்னங்க மிஸ், விருந்தா?"

ஜீவராணி தேநீரை வைத்துவிட்டுப் பெயர்ப்பட்டியலை எடுத்தாள்.

தோட்டத்தில் விலாசம் என்றால் லயம், ஒரு சாய்கோடு, வீடு. தோட்டத்து எல்லாக் குடும்பங்களையும் பதிய வீட்டு லெப்டொப்பில் எக்செல்லைத் திறந்து 4/10 என்று அவள் அடித்தபோது, அது ஒக்டோபர் நாலாம் திகதி என்று எடுத்துக்கொண்டது. மாதப் பெயரைக் கண்டவள், எண்ணாகத் தெரியும்படி தோற்றத்தை மட்டும் மாற்றினாள். மாறியது சட்டைதான், உள்ளே இருந்தது திகதியேதான். அலுவலகக் கணினியோ மாதத்தை முன்னால் சொல்லும் சாதி. அங்கே 4/10 என்பது 10/4 ஆனது. 10/4 என்பது 4/10 ஆனது; அங்கேதான் நாலாம் லயத்துப் பெயர்களைப் பிரித்தெடுத்தாள். பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் பின்வரிசை தப்பியது. முன்வரிசையில் 4/4 மட்டும், எப்படிப் புரட்டினாலும் அதே. மற்றப் பதினொரு வீடுகளும் இன்னும் மலைக்குக் கீழே இருந்தன. அவற்றின் இடத்தில் பதினொரு நாலாம் வீட்டுக்காரர்கள் இங்கே பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடிப்பதற்கு முன்பே விலாச நிரலை 'எழுத்து' என்று குறித்திருந்தால் போதும்.

மேலதிகாரி பாலச்சந்திரனுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"பதறாதேயும் பிள்ளை. திருத்தி அனுப்பும். நாளைக்குக் காலமை லொறி வரும்."

"மழை பெய்யுது சேர்."

"நீர் போம். லொறியை நான் இப்பவே அனுப்புறன்."

நாலாம் லயத்தில் முன்வரிசை அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. பத்தாம் வீட்டு வாசலில் வீரம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து வழிந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் அவள் காலைத் தொட்டு ஓடியது.

"அக்கா, எல்லாரும் இப்பவே கெளம்பணும்."

வீரம்மா நிமிரவில்லை. "காலையில வேலைக்கு ஆளு கூடுற பெரட்டுல பேரு வாசிச்சப்ப எங்க பேரே இல்ல. உங்ககிட்டதான் கேட்டோம். கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னீங்க. இப்ப என்ன, அது மனசு மாறிருச்சா?"

"அது மாறலக்கா. நான் போட்ட தப்பு. அத நம்பி உங்க முகத்தப் பாக்காம பதில் சொன்னதும் நான்தான்."

"அங்க போனா இடமில்லம்பீங்க. எந்திரின்னா எந்திரிக்க, உக்காருன்னா உக்கார, நாங்க என்ன நாற்காலியா?"

ஜீவராணி குடையை மடக்கினாள், ஈர வாசற்படியில் வீரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன செய்றீங்க?"

"நீங்க எந்திரிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

வீரம்மா அவளைப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தாள். அங்கே ஒரு சவுக்கு மரம் நேற்றை விடச் சாய்ந்திருந்தது.

கை கழுவாமலே எழுந்து, அடுத்த வீட்டுக் கதவை முழங்கையால் இடித்தாள். "வினோதா! புள்ளையத் தூக்கு. அடுப்ப விடு."

பிறகு உள்ளே போய், பாதி வெந்த சோற்றுப் பானையைத் துணியோடு தூக்கிவந்து ஜீவராணியின் கைகளில் வைத்தாள்.

"பாத்துப் பிடிங்க. சுடும்."

கீழே வளைவில் லொறியின் ஹோர்ன் கேட்டது.