சேவல் மார்க்

முற்றத்து மூலையில் வெள்ளை இறகுகள் கிடந்தன. ஈஸ்டர் பூசை முடிந்து, தங்கை வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வந்த இருதயமேரி ஓடிப்போய்க் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். சேவல் இல்லை. அதன் பக்கத்தில் பழகிக்கொண்டிருந்த இளஞ்சேவலும் இல்லை. பண்டிகைக்கு வந்திருந்த நாத்தனார் அருளம்மாள், அடுப்படியில் கரண்டியோடு நின்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணன்தான் அறுத்துக் குடுத்துச்சு அண்ணி. பெருசு ஒண்ணு பத்தாதுன்னு சின்னதையும் புடிச்சுச்சு. நான் இன்னா பண்றது?"

கூடத்தில் இருதயமேரியின் புருஷன் காஸ்பர் விருந்தாளியின் இலையில் இன்னொரு துண்டை வைத்துக்கொண்டிருந்தான். விருந்தாளி அரிகிருஷ்ணன், பட்டணத்து அச்சாபீஸ் ஒன்றுக்கு ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டு. "கொஞ்சம் முத்தல்தான். ஆனா ருசி!" என்று எலும்பைக் கடித்தபடி சொன்னான். வாசற்படியில் நின்ற இருதயமேரி அதைக் கேட்டாள். வந்தவன் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் அந்தச் சேவலைத் தெரியாதவர்கள் குறைவு. கருக்கின உமி, உப்பு, கிராம்பு, கடுக்காய் எல்லாம் சேர்த்து இடித்த பல்பொடிக்குக் காஸ்பர் சேவல் மார்க் என்று பெயர் வைத்தான். பெயரைப் படிக்கச் சந்தைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால் நிஜச் சேவலையே பெட்டியின் மேல் உட்காரவைக்கலாம் என்று சொன்னவள் இருதயமேரி. தூய வெள்ளைச் சேவல். கீழே சிவப்புக் காகிதப் பொட்டலங்கள். பக்கத்தில் வெண்கல மணி. சந்தைக்குச் சந்தை, மாடு கட்டும் கல்தூணுக்கு எதிரில், அதே இடம். மழை பெய்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்கள். சேவலுக்கு வயதானால் அதன் குஞ்சுகளிலேயே வெள்ளையாகப் பார்த்து, மணிச் சத்தத்துக்கு மிரளாமல் பழக்கி, ஒருநாள் பெட்டியில் ஏற்றிவிடுவாள். மாறியது யாருக்கும் தெரியாது. உலகச் சண்டைக் காலத்தில் சிவப்புக் காகிதம் மறைந்துபோனபோது, பழைய பத்திரிகைத் தாள்களைச் சாயப்பொடியில் நனைத்துக் கொடியில் உலர்த்தினாள். முழங்கை வரை ஏறிய சிவப்பு, கோயிலில் நற்கருணை வாங்கப் போகும்போதுகூடப் போகவில்லை. சாமியார் ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தாள். பட்டணத்துப் பல்பொடிகள் பஜாருக்கு வந்தன, போயின. சேவல் மட்டும் உட்கார்ந்திருந்தது.

விருந்தாளி கையைக் கழுவி, வெற்றிலை போட்டு, சத்திரத்துக்குப் படுக்கப் போன பிறகுதான் அவள் கூடத்துக்கு வந்தாள். பாயில் நீலநிறச் சீட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆகாயவிமானம். அடியில், விக்டரி பல்பொடி.

"இது இன்னா?"

"புது மார்க்கு. சண்ட முடிஞ்சு ஊரே புதுசாயிட்டு இருக்குது மேரி. இன்னும் கோழியக் கட்டிக்கினு நின்னா சிரிப்பாங்க. அரிகிருஷ்ணன் கிராமபோன் கொண்டாந்திருக்கான். பாட்டுப் போட்டா கூட்டம் அலமோதும் பாரு."

"அதுக்குச் சேவல எதுக்குய்யா அறுத்த?"

"வீட்டுக்கு வந்தவனுக்குப் பண்டிக நாள்ல ரசமா ஊத்துவாங்க? ஒரு சேவலுக்கா இம்மாம் கூத்து? சந்தையில வேற கெடைக்காதா?"

"அது சேவலாய்யா? நம்ம கடை போர்டு அது! கறியாக்கித் தின்ன போர்டு!"

காஸ்பரும் குரலை உயர்த்தினான். "எத்தினி வருசமா அதே சேவலு, அதே செவப்பு, அதே மணி! மணியடிக்கிறப்ப எனக்கே கொட்டாவி வருது. சலிச்சுப்போச்சுடீ!"

"சலிச்சது உனக்கு. வாங்குறவ வந்து சலிச்சுப்போச்சுன்னு சொன்னாளா? ஒரே ஒருத்தியக் காட்டு, நான் வாய மூடிக்கிறேன்." அவள் நீலச் சீட்டு ஒன்றை எடுத்துக் கசக்கி அவன் காலடியில் எறிந்தாள். "ஆண்டவரத் தெரியாதுன்னு சொன்ன சீடரு இராயப்பருக்கே ஒரு சேவல் கூவுச்சு, புத்தி வந்து அழுதாரு. உனக்குக் கூவுறதுக்கு ஒரு குஞ்சுகூட மிச்சம் வைக்கலியே பாவி!"

அருளம்மாள் அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தத்தை நிறுத்திவிட்டாள். காஸ்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

சந்தை நாள் வந்தது. கரிப்புகை கக்கும் பஸ்ஸில் ஒரே ஊருக்குத்தான் இருவரும் போனார்கள். ஆனால் ஆளுக்கொரு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். காஸ்பர் சந்தை வாசலில் கிராமபோனை வைத்து நீலப் பொட்டலங்களை அடுக்கினான். இருதயமேரி மிச்சமிருந்த சிவப்புப் பொட்டலங்களோடு கல்தூணுக்கு எதிரில் போய் நின்று மணியை அடித்தாள். பெட்டியின் தலை மொட்டையாக இருந்தது. மணிச் சத்தத்துக்குத் திரும்பிய முகங்கள் முதலில் பெட்டியைத்தான் பார்த்தன, பிறகு அவளைப் பார்த்தன, பிறகு நகர்ந்தன.

வழக்கமாக வாங்கும் தொண்டூர் கமலாம்பாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நெருங்கி வந்தாள். "ஏன்டி மேரி, சொல்றது நெசமா? வியாபாரம் நொடிச்சு, சோத்துக்கு இல்லாம அந்தச் சேவலயே அடிச்சுத் தின்னுட்டீங்களாமே?"

"எவ சொன்னா?"

"சந்தையே சொல்லுது. கட மூடுறவங்க கடசிச் சரக்கு எப்படி இருக்குமோன்னு எங்க ஊருக்காரிங்க பயப்படுறாளுங்க." பொட்டலம் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். பழைய வாசனைதான். ஆனாலும் கீழே வைத்துவிட்டாள். "சேவலு வரட்டும், வாங்கிக்கிறேன். கோச்சுக்காத."

சேவலுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருக்கிறது என்று ஒரு பொய் போதும். நாக்கு நுனி வரை வந்த பொய்யை அவள் விழுங்கினாள். கணவன் மேல் இருந்த கோபம், கமலாம்பாள் மேலும், கேட்டுக்கொண்டிருந்த தூணின் மேலும், தன் சிவந்த நகக்கண்களின் மேலும் சேர்ந்து ஏறியது.

வாசல் பக்கம் பாட்டுக்குக் கூட்டம் அலைமோதத்தான் செய்தது. பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு கேட்டது. ஒரு கிழவி மட்டும் நீலப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, வெள்ள வேட்டிக்கு இத எம்மாம் கலக்கணும்?" என்று கேட்டாள். துணிக்குப் போடும் நீலம் என்று நினைத்துவிட்டாள். கூட்டம் சிரித்தது. பல்பொடி என்று காஸ்பர் கத்திச் சொன்னதும், "நீலத்தப் போட்டுப் பல்லு வெளக்குறதா? போடா!" என்று இன்னொருத்தி சொல்ல, சிரிப்பு இன்னும் பெரிதானது. அரிகிருஷ்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த பாட்டைப் போடாமலே கிராமபோனை மூட்டை கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

வெயில் சாய்ந்தது. காஸ்பர் நீலக் கட்டுகளோடு கல்தூண் பக்கம் வந்தபோது இருதயமேரி அங்கே இல்லை. கோழி விற்கும் வரிசையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் தலைகீழாக ஒரு சேவல். வாலில் பழுப்பு ஓடிய, கொண்டை சரியாக முளைக்காத, ஒல்லி வெள்ளை.

"பஸ்ஸு கெளம்புது மேரி."

"சந்த கலையுற வரைக்கும் நிக்கிறவங்க நாம. நீ போறதுன்னா போ."

அவள் சேவலின் காலைப் பெட்டியோடு கட்டி, மேலே நிறுத்தி, மணியை அடித்தாள். சேவல் படபடவென்று அடித்துக்கொண்டு கீழே விழுந்து கயிற்றில் தொங்கியது. தூக்கி நிறுத்தி மறுபடி மணியை அடித்தாள். விழுந்தது. மாட்டுத் தரகர்கள் சிரித்தார்கள். காஸ்பர் சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை நீட்டினான். "மணிய நான் அடிக்கிறேன். நீ புடிச்சுக்க."

அவள் கொடுக்கவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

கலைந்துபோகும் வண்டிகளின் புழுதிக்கு நடுவே, கூடையைத் தலையில் ஏற்றிய கமலாம்பாள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். இருதயமேரி சேவலை மறுபடி தூக்கிப் பெட்டியில் வைத்தாள். அதன் நகங்கள் சிவப்புக் காகிதத்தைக் கிழித்துப் பற்றிக்கொண்டன. சிறகுகள் பாதி விரிந்து நடுங்கின. அவள் மணியை ஓங்கினாள்.