அச்சுக்கு வெள்ளி அடைப்பு

பல் டாக்டரின் மைத்துனனுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது டாக்டரின் நாற்காலிதான். சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவன். பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியில் பிடித்துக்கொண்டே போனில் கதை பேசுவான். ஆனால் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் பன் மாதிரி உப்பிய பிறகும், "பல்வலியெல்லாம் இல்லக்கா, குளிர்காத்து பட்டுடுச்சு" என்று அக்காவிடம் சாதித்தான்.

அந்த அக்காதான் டாக்டரின் மனைவி. தம்பி பாலில் ஊறிய பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று தெரிந்ததும், அவளுடைய கோபமெல்லாம் கணவர் தலையில் இறங்கியது. "ஊரான் பல்லையெல்லாம் பாக்கறீங்க. சொந்த மச்சினன் பல்லு மட்டும் கண்ணுக்குத் தெரியல!" தெரியாமல் என்ன? அவன் வாயைத் திறந்தால்தானே பார்ப்பதற்கு!

மாமனும் மைத்துனனும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் ரிமோட் கார். ஞாயிற்றுக்கிழமை காலையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் பார்க்கிங்கில், பேரன் எடுத்த ஆண்கள்கூட ரிமோட்டும் கையுமாக நின்று சண்டை போடுவார்கள். டாக்டரின் வண்டிக்குப் பெயர் மூஞ்சூறு. அதன் பின்பக்க அச்சு முறிந்துபோனது. அதே அச்சு கடையில் கிடைக்காமல், வேறொரு வண்டியின் அச்சை வாங்கி வந்தார். அளவு கச்சிதம். ஆனால் சக்கரத்தை அச்சோடு பூட்டுகிற பின் நுழைவதற்கு அதில் ஓட்டை இல்லை. பின் இல்லாவிட்டால் அச்சு மட்டும் சுற்றும், சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும்.

மைத்துனன் பட்டறையில், அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க, அதை டிரில் மெஷினில் மாட்டினான். முதல் பிட் வீறிட்டது. இரண்டாவது சிவந்தது. மூன்றாவது முறிந்து சுவரில் போய் விழுந்தது. அச்சில் ஒரு கீறல் இல்லை.

"இது சூடேத்தி இறுக்கின எஃகு மாமா. பிரம்மாவே வந்தாலும் ஓட்டை போட முடியாது."

"நான் போடறேன்டா."

மைத்துனன் சிரித்தான். சிரித்ததில் பல் சுண்டி இழுக்க, கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "போட்டு, பின் மாட்டி, நாளைக்கு மூஞ்சூறை ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. நானே வந்து உங்க நாற்காலியில வாயைத் திறந்து உக்கார்றேன். முடியலன்னா மூஞ்சூறு எனக்கு."

 டாக்டருக்கு அது மனைவி முன்னால் விட்ட சவால். சரி என்றுவிட்டார்.

அன்று மாலை, நோயாளிகள் போன பிறகு, நாற்காலியின் தலைமாட்டில் சின்ன வைஸ் ஒன்றைக் கட்டி அச்சை அதில் இறுக்கினார். நர்ஸம்மா, கேட்காமலே, அதன் அடியில் ஒரு துண்டை விரித்து, உறிஞ்சுகுழாயைக் கையில் எடுத்துக்கொண்டார். பல் குடைகிற கார்பைடு முனைக்கு முன்னால் எந்த எஃகும் வாலாட்டாது. அவசரப்படாமல், அழுத்தாமல், தண்ணீர் விட்டுக்கொண்டே தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் டாக்டரின் பிழைப்பே.

"வலிச்சா கையைத் தூக்குங்க," என்றார் அச்சைப் பார்த்து. நர்ஸம்மா சிரிக்கவில்லை. அவருக்கும் அது வழக்கமான வாக்கியம்தான்.

முனைகள் ஒவ்வொன்றாக மழுங்கின. இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்துகொண்டு வந்து, நடுவில் சந்திக்கவைத்தார். உள்ளே வெளிச்சம் தெரிந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"என்னங்க, அவன் கன்னம் இன்னும் பெருசாயிடுச்சு. பாக்கவே பயமா இருக்கு."

"நாளைக்கு வந்துடுவான்மா. நிச்சயம் வருவான்."

நர்ஸம்மா பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டார். "வெள்ளையா, வெள்ளியா டாக்டர்?"

"வெள்ளி. நிறம் சேரணும்ல," என்றார் டாக்டர், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

மறுநாள் பார்க்கிங்கில் கூட்டம். டாக்டரின் மனைவியும் வந்திருந்தாள். டாக்டர் பெட்டியைத் திறந்து அச்சை எடுத்தார். கண்ணாடிபோல மின்னியது. மைத்துனன் அதை வெயிலில் பிடித்து உருட்டிப் பார்த்தான்.

"ஓட்டை எங்க மாமா?"

டாக்டர் வாங்கிப் பார்த்தார். ஒரு பொட்டுகூட இல்லை. ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். போனில் பேசிக்கொண்டே கை தன் பாட்டுக்கு ஓட்டையை அடைத்து, அழுத்தி, வழித்து, பளபளவென்று மெருகும் போட்டிருந்தது. எங்கே அடைத்தார் என்று அவருக்கே தெரியாத அளவுக்கு நல்ல வேலை. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. மனைவி முகத்தில் ஈயாடவில்லை. மைத்துனன் மூஞ்சூறைத் தூக்கி அக்குளில் வைத்துக்கொண்டான்.

"இருடா!" டாக்டர் சட்டைப்பையிலிருந்து சொத்தை பார்க்கிற கொக்கியை எடுத்து அச்சை மெல்லச் சுரண்டிக்கொண்டே போனார். எஃகில் வழுக்கிய கொக்கி ஓரிடத்தில் கோடு கிழித்தது. "உன் பையில இருக்கிற கை டிரில்லைக் குடு."

"மூணு பிட்டு முழுங்கின அச்சு. நாலாவதும் போகட்டும், எடுத்துக்குங்க!"

டாக்டர் கோட்டின் மேல் பிட்டை வைத்து அமுக்கினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் அது இறங்கி, மறுபக்கம் எட்டிப் பார்த்தது. சிரிப்பு நின்றது. மைத்துனனின் வாய் தானாகவே திறந்துகொண்டது.

டாக்டர் குனிந்து உள்ளே பார்த்தார். "கடைசிக்கு முந்தினது. அப்படியே திறந்து வைடா."

அச்சு வண்டியில் ஏறியது, பின்னும் நுழைந்தது. மூஞ்சூறு புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ரவுண்டு ஓடி வந்து, மைத்துனன் காலடியில் நின்றது. அக்கா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து நேரே கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

நாற்காலியில் அவன் கைப்பிடியை நெரித்துக்கொண்டு கிடந்தான். மரத்துப்போன வாய் நிறையப் பஞ்சு. அக்கா தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். டாக்டரின் மனசெல்லாம் மூஞ்சூறோடு ஓடிக்கொண்டிருந்தது. வேகத்தை எப்படி எடுத்தது, வளைவில் எப்படித் திரும்பியது! கை தன் பாட்டுக்குக் குடைந்து முடித்தது.

"வெள்ளையா, வெள்ளியா டாக்டர்?" என்றார் நர்ஸம்மா.

"அடைக்கக் கூடாது!" என்று பதறினார் டாக்டர். "பின்னை எடுங்க, பின்னை!"

மைத்துனன் பஞ்சோடு அலறினான்.

"என்னங்க," என்றாள் மனைவி, தம்பியைப் பிடித்த பிடியை விடாமல். "அது வண்டி இல்லங்க. என் தம்பி."