சொட்டுத் தண்ணீர் கூடாது

மெர்வ் என் படுக்கைக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். உறிஞ்சும் சத்தம் வேறு. எனக்குச் சொட்டுத் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கும் நாளில், தாலிக்குப் பதில் மோதிரம் மாட்டிய புருஷன் செய்கிற காரியம் இது.

"அத வெளிய போய்க் குடியேன்."

"ஏன், இன்னிக்குப் பூ ஜாடி ஒண்ணும் கிடைக்கலயா?"

நர்ஸ் லோர்னாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. போன மாதம் இதே பரிசோதனையின்போது தாகம் தாங்காமல் பக்கத்துப் படுக்கைக்காரியின் பூ ஜாடித் தண்ணீரைக் குடித்துவிட்டேன். பரிசோதனை பாழ். அன்றிலிருந்து இந்த வார்டில் என் பெயர் டார்க்கா இல்லை, ஜாடிக்காரி.

போன குளிர்காலத்தில், பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்தில் வழுக்கி மண்டை அடிபட விழுந்தேன். அதற்குப் பிறகு குடம் குடமாகக் குடிக்கிறேன், குடம் குடமாகப் போகிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் நான். கோதுமை வயல் நடுவே பஸ்ஸை நிறுத்திவிட்டுப் புதருக்கு ஓடினால் பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் இருக்குமா? மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டு, உடம்பில் தண்ணீரை நிறுத்திவைக்கும் ஹார்மோன் வராமல் போயிருக்கலாம் என்றார் டாக்டர் பென்னர். இல்லையென்றால் மனக்கோளாறு. தண்ணீரை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்: சிறுநீர் மஞ்சளானால் மனக்கோளாறு, அப்போதும் தண்ணீராகவே போனால் சுரப்பி. மனக்கோளாறு என்றால் பஸ் என் கையை விட்டுப் போய்விடும். மெர்வுக்குச் சந்தேகமே இல்லை, மனக்கோளாறுதான்.

கழிப்பறைக் குழாயைப் பூட்டியிருந்தார்கள். நான் உள்ளே போனால் லோர்னா கதவைத் திறந்துவைத்து நின்றாள்.

"கொஞ்சம் சாத்தக் கூடாதா?"

"உங்கள நம்பியா?"

எடை குறைந்துகொண்டே வந்தது. சிறுநீர் மட்டும் பச்சைத் தண்ணீராகவே போனது. மதியத்துக்கு மேல் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. லோர்னா என் ரத்தத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மெர்வ் குனிந்தான். கையில் ஐஸ் மிதக்கும் கோப்பை.

"குடிச்சிரு, யாரும் பாக்கல. இது எப்படியும் ஒண்ணும் காட்டப் போறதில்ல. எதுக்கு வீணாச் சாவுற?"

அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கோப்பைக்காக என் உயிரே துடித்தது. அவன் கையைக் கடித்துக் குதறவும் ஆசையாக இருந்தது.

"லோர்னா!" என்று கத்தினேன். "இந்த ஆளு தண்ணி குடுக்கிறான்! நான் தொடல, பாத்துக்கோ!"

அவள் ஓடி வந்து கோப்பையைப் பிடுங்கினாள். "எந்திரிங்க மிஸ்டர், நடையக் கட்டுங்க!"

பிறகுதான் அந்த ஹார்மோனை ஊசியில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சிறுநீர் நின்றது. அப்புறம் வந்தது கொஞ்சம்தான், நல்ல மஞ்சள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பிட்யூட்டரிதான்," என்றார் பென்னர். "மருந்து எழுதித் தரேன். பஸ் ஓட்டலாம். போன தடவையே ஒழுங்கா இருந்திருந்தா எனக்கு ஒரு நாள் மிச்சம்." ஒரு நல்ல வார்த்தை கிடையாது, போய்விட்டார்.

மெர்வ் புதுக் கோப்பைத் தண்ணீரோடு உள்ளே வந்தான்.

"நான் உன்ன நம்பாம இல்ல, டார்க்கா. நீ படுற பாட்டப் பாக்க முடியல."

"நம்பியிருந்தா தண்ணி குடுத்திருக்க மாட்ட."

அவன் கோப்பையை என்னிடம் நீட்டினான். நான் லோர்னாவிடம் கையை நீட்டினேன். அவள் ஊற்றித் தந்ததைத்தான் குடித்தேன்.