காற்று படுத்த பதினொரு நாள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் காற்று சலவைக்கடைக்காரியின் வீட்டுக்குள் நுழைந்து, அவளுடைய எட்டு வயது மகளின் கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்துத் தூங்கிப்போனது. அதன் பிறகு பதினொரு நாள் ஊரில் ஓர் இலைகூட அசையவில்லை. அடுப்புப் புகையெல்லாம் நேராக மேலே போய், அடுத்து எந்தப் பக்கம் என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

காரணம் அந்தப் பெண்தான். துணிமூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவளைத் தெருவே கேள்விமூட்டை என்றுதான் கூப்பிட்டது. பள்ளிப் புத்தகத்தின் இயற்கைப் பாட்டுகளை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு அம்மாவிடம் வந்தாள். "ஏம்மா, எல்லாரும் நிலாவை வரச் சொல்றாங்க, காத்தை வீசச் சொல்றாங்க. ஒருத்தராவது அதுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?" இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்ற அம்மா, "நீயே போய்க் கேளு, என் உயிரை வாங்காதே" என்றாள். காற்றின் கண்ணில் படும்படி கேட்க வேண்டுமே. துணிகள் மாறிப்போகாமலிருக்க மூலையில் குறி போடும் அழியாத மையை எடுத்து, மருத்துவமனையிலிருந்து சலவைக்கு வந்த படுக்கைவிரிப்பு ஒன்றில் தலை முதல் கால் வரை எழுதினாள்:

ஊரெல்லாம் ஓடுகிறாயே,
கால் வலிக்காதா காற்றே?
களைத்துப்போனால்
எங்கே படுப்பாய்?

தானே மொட்டைமாடிக் கொடியில் அதைப் போட்டாள். காற்று விரிப்பை இரண்டு தடவை புரட்டிப் படித்தது. பிறகு படியிறங்கி வந்து, படுத்தே காட்டிவிட்டது.

வெயில் காய்ந்தது, துணி காயவில்லை. கொடி முழுக்க ஈர வாடை. அடுத்த சனிக்கிழமைக்குள் விரிப்புகள் வராவிட்டால் வேறு கடையைப் பார்த்துக்கொள்வதாக மருத்துவமனையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அம்மா அந்த எழுத்தை மூன்று சோப்புப் போட்டுத் தேய்த்தாள்; எத்தனை தடவை துவைத்தாலும் போகாது என்று அவளே பெருமையடித்துக்கொண்ட மை, போகவில்லை. துடைப்பத்தால் கட்டிலுக்கடியில் தட்டினாள். காற்று புரண்டு படுத்தது, ஜன்னல் திரை ஒரு தடவை ஆடி நின்றது. ஆத்திரத்தில் மையைப் பூட்டி வைத்துவிட்டு, "இனிமே உன் வாயிலேர்ந்து ஒரு கேள்வி வந்துச்சு, பாத்துக்கோ" என்றாள்.

பெண் அதற்குப் பின் கேட்கவேயில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் அம்மாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நான்காம் நாள், காற்று போனதைவிட இது பெரிய புழுக்கம் என்று அவளுக்குத் தோன்றியது. கடை போனால் போகட்டும், பெண்ணின் சுபாவத்தையே கெடுத்துவிட்டோமோ என்று பயந்தாள்.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், அம்மா தரையில் முழங்கை ஊன்றிக் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தாள். காற்று சன்னமாகக் குறட்டை விட்டது. "ஏன்டி, இது கனவெல்லாம் காணுமா?" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

"நான் பேசலாமாம்மா?" என்றாள் பெண்.

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "பேசுடி. கேளுடி. கேக்காம இருக்க நீ என்ன மரக்கட்டையா?" என்று மையைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

பெண் அதைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்குத்தான் பதில் கிடைச்சிடுச்சே. இப்ப நீ கேளு."

எத்தனையோ வருடமாக அம்மா யாரையும், துணி எப்போது வேண்டும் என்பதைத் தவிர, ஒன்றும் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் யோசித்து இன்னொரு விரிப்பில் எழுதினாள்: எழுந்ததும் முதலில் யாரைத் தொடுவாய்? அதைக் கட்டிலோரமாக விரித்தாள். காற்று கண் விழித்துப் படித்தது, சோம்பல் முறித்தது, வெளியே வந்து அவளுடைய கழுத்து வியர்வையைத் தொட்டது. பிறகுதான் மாடிக்குப் போனது. அரை மணியில் எல்லாம் காய்ந்துவிட்டது.

எழுத்துள்ள விரிப்புகளையும் மருத்துவமனை வாங்கிக்கொண்டது. நோயாளிகள் கேட்டு வாங்கிப் படுத்தார்கள். பின்னாளில் பெண் படித்து, வானிலை ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து ஊரைவிட்டுப் போனாள். அந்த ஊரில் இன்றும் மாதத்தில் ஒரு நாள் துணி காயாது. சலவைக்கடைக்காரி ஏதோ கேட்டிருக்கிறாள் என்று எல்லோரும் அன்றைக்குத் துவைப்பதை விட்டுவிடுவார்கள்.